பசிபிக் தீவுகளில் பாதிப் பேருக்குச் சர்க்கரை நோய் என்று வரும் கணக்கெடுப்புகளை நம்பலாமா? அதை எப்படி எடுக்கிறார்கள்?

நான் ரத்தப் பரிசோதனைக்கூட டெக்னீசியன். ஃபிஜியில் இப்படியொரு கணக்கெடுப்பில் விரல் நுனியில் ஊசி குத்திச் சர்க்கரை பார்க்கும் வேலை செய்தேன். என் பதில்: நம்பலாம். ஆனால் சதவீதத்தைப் பார்ப்பதற்கு முன்னால், ஆள் இல்லாத வீட்டுக்கு அந்தக் குழு எத்தனை தடவை திரும்பப் போனது என்று பாருங்கள்.

நீங்கள் கேட்கும் "பாதி" அநேகமாக அமெரிக்க சமோவாவின் 2004 கணக்கெடுப்பாக இருக்கும். 25 முதல் 64 வயதுக்காரர்களில் 47 சதவீதம் பேருக்குச் சர்க்கரை என்று வந்தது. அதற்கு வெகுகாலம் முன்பே, 1970களின் நடுவில், நவூரு தீவில் பால் ஸிம்மெட் என்ற ஆஸ்திரேலிய மருத்துவரின் குழு பார்த்தபோது பெரியவர்களில் மூன்றில் ஒருவருக்குச் சர்க்கரை. 21 சதுர கிலோமீட்டர் தீவு அது. பாஸ்பேட்டைத் தோண்டி விற்றதில் பணம் வந்தது, நிலம் போனது, சாப்பாடு கப்பலில் வந்தது.

இப்போது பெரும்பாலான தீவுகளில் உலக சுகாதார நிறுவனத்தின் ஸ்டெப்ஸ் முறைதான். மூன்று படி. முதலில் கேள்விகள்: புகை, மது, சாப்பாடு, உடலுழைப்பு. அடுத்து உயரம், எடை, இடுப்பளவு, ரத்த அழுத்தம். கடைசியில் வெறும் வயிற்றில் ரத்தம். கேட்க எளிதாகத்தான் இருக்கிறது.

ஃபிஜியில் பூர்வகுடி கிராமத்துக்குள் நேராகப் போய்க் கதவைத் தட்ட முடியாது. முதலில் செவுசெவு என்ற சடங்கு: காவா (கரைத்துக் குடிக்கும் பானத்துக்கான வேர்) கட்டு ஒன்றைக் கொண்டுபோய் ஊர்ப் பெரியவர்கள் முன்னால் வைத்து, எதற்காக வந்திருக்கிறோம் என்று சொல்ல வேண்டும். அவர்கள் ஏற்றுக்கொண்ட பிறகுதான் வேலை. எங்களோடு வந்த நர்ஸ் அந்தப் பக்கத்து ஊர்க்காரர். அவர் பாயில் உட்கார்ந்து பேசிய அரை மணி நேரம்தான் அடுத்த நான்கு நாளைக்கும் எங்களைக் காப்பாற்றியது.

வீட்டில் இருக்கிறவரை அளந்துவிட்டு வருவதில்லை. தகுந்த வயதுள்ள எல்லோர் பெயரையும் வயது வரிசையில் எழுதி, யாரை அளப்பது என்று சொல்லும் அட்டவணை ஒன்று உண்டு, அது யாரைக் காட்டுகிறதோ அவரைத்தான் அளக்க வேண்டும். இங்கேதான் கணக்கெடுப்பு நிற்கிறது, அல்லது விழுகிறது. பகல் பத்து மணிக்குப் போனால் பெண்களும் முதியவர்களும் இருப்பார்கள். ஆண்கள் தோட்டத்தில், கடலில், கரும்புக் காட்டில். "அவர் இல்லை, என்னை எடுத்துக்கொள்ளுங்கள்" என்று அன்போடு கை நீட்டுவார்கள். எடுத்துக்கொண்டால் அன்றைய இலக்கு முடிந்துவிடும், கணக்கு கெட்டுவிடும். வீட்டில் இருப்பவர்களில் நோயாளிகள் அதிகம் என்பதால் எண் வீங்கும். உழைக்கிற ஆண்களின் உண்மை நிலையோ தெரியவே தெரியாது.

உயரம் அளப்பதை மறக்க முடியாது. ஃபிஜியில் ஒருவர் தலையைத் தொடுவது பெரிய மரியாதைக் குறைவு. உயரமானியின் பலகையோ தலையில் வந்து படிய வேண்டும், கொண்டையை அமுக்கிப் பிடிக்க வேண்டும். ஒரு பாட்டியை (அங்கே பூபூ என்பார்கள்) நிறுத்தியபோது நர்ஸ் கையை உயர்த்தும் முன்பே உடம்பை வளைத்து "துலோ, துலோ" என்றார். மன்னிக்க வேண்டும் என்று அர்த்தம். பூபூ தலையசைத்த பிறகுதான் பலகை இறங்கியது. கையேட்டில் குதிகால் சுவரில் ஒட்ட வேண்டும், பார்வை நேராக இருக்க வேண்டும் என்றெல்லாம் இருக்கிறது. துலோ இல்லை. அந்த ஒரு சொல் இல்லாவிட்டால் அடுத்த வீட்டுக் கதவு திறந்திருக்காது.

எடைமேடை தாங்காத உடம்பு வந்தால் 666.6 என்று குறிக்க வேண்டும் என்பது விதி. அதை எழுதும்போது அவர் முகத்தைப் பார்க்க எனக்குச் சங்கடமாக இருக்கும். பெரிய கைப்பட்டை இல்லாமல் பருத்த கையில் ரத்த அழுத்தம் பார்த்தால் அளவு கூடுதலாகக் காட்டும். மூன்று தடவை பார்த்து, முதல் அளவைத் தள்ளிவிட்டு, பின்னிரண்டின் சராசரியைத்தான் எடுப்பார்கள்.

சாப்பாட்டுக் கேள்வியில் ஒரு தாத்தாவிடம் தடுமாறினேன். தினமும் எத்தனை பங்கு காய் சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டோம். "எல்லாமே என் தோட்டத்துக் காய்தான்" என்று பெருமையோடு சொன்னார். பார்த்தால் மரவள்ளியும் தாலோவும். தாலோ நம் சேப்பங்கிழங்கு இனம். கிழங்கு மாவுச்சத்து, காய்க் கணக்கில் வராது. தட்டில் எழுபது வயது உழைப்பு இருக்கிறது, தாளில் பூஜ்யம். நல்லவேளையாக நர்ஸ் கேட்டார்: "ரோரோ சாப்பிடுவீர்களா?" தேங்காய்ப் பாலில் வேகவைத்த தாலோ இலை. தினமும் என்றார். அது கீரை, கணக்கில் வரும். உள்ளூர்க்காரர் இல்லாவிட்டால் அவரைக் காயே தொடாதவர் என்று எழுதிவிட்டு வந்திருப்போம்.

சர்க்கரை அளவுக்கு வருகிறேன், இது என் துறை. முந்தைய இரவிலிருந்து தண்ணீர் தவிர எதுவும் கூடாது. காவா கிண்ணம் நள்ளிரவு தாண்டியும் சுற்றும் ஊரில் இதைச் சொல்லிப் பாருங்கள். காலையில் "ஒரு டீதான் குடித்தேன்" என்பவரை அடுத்த நாள் வரச் சொல்ல வேண்டும். வரச் சொல்லாமல் குத்தினால் ஊரில் புதிதாக ஒரு நோயாளி பிறந்துவிடுவார். இன்னொன்று எல்லைக்கோடு. பிளாஸ்மாவில், அதாவது ரத்த அணுக்களை நீக்கிய திரவத்தில், 126 என்றால் சர்க்கரை நோய். விரல் நுனி முழு ரத்தத்தில் அதுவே 110. இப்போதைய கையடக்கக் கருவிகள் பல விரல் ரத்தத்தை எடுத்தாலும் பிளாஸ்மா அளவாக மாற்றித்தான் காட்டுகின்றன. அதைக் கவனிக்காமல் 110ஐக் கோடாக வைத்தால் 110க்கும் 126க்கும் நடுவில் இருக்கிற அத்தனை பேரும் நோயாளிப் பட்டியலில் ஏறிவிடுவார்கள். ஒரு தீவின் இரண்டு கணக்கெடுப்புகளை ஒப்பிட்டு "ஏறிவிட்டது, இறங்கிவிட்டது" என்பதற்கு முன், இரண்டிலும் கருவியும் கோடும் ஒன்றுதானா என்று பாருங்கள். ஆண்களில் எத்தனை சதவீதம் பேரை அளந்தார்கள் என்பதையும் பாருங்கள்.

"கண்டதைத் தின்கிறார்கள், அதனால் வருகிறது" என்று சொல்பவர்களுக்கு ஒன்று. ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் பெரிதாக விலைபோகாத, கொழுப்பு மண்டிய ஆட்டு விலாத்துண்டு இந்தத் தீவுகளுக்கு மலிவு விலையில் கப்பல் கப்பலாக வந்து இறங்கியது. ஃபிஜி 2000ல் அதன் விற்பனைக்குத் தடை போட்டது. சமோவா 2007ல் வான்கோழி வாலைத் தடுத்தது. உலக வர்த்தக அமைப்பில் சேரும்போது அந்தத் தடையை எடுக்க வேண்டியதாயிற்று. தின்றவரை மட்டும் குறை சொல்வது எனக்குப் பொறுக்கவில்லை.

உடம்பு பருத்தால்தான் சர்க்கரை என்பதும் இல்லை. ஃபிஜியில் 1980ல் நடந்த கணக்கெடுப்பில் கிராமத்துப் பூர்வகுடியினரிடம் நூற்றுக்கு ஒருவருக்குத்தான் சர்க்கரை. இந்திய வம்சாவளியினரிடம் நூற்றுக்குப் பன்னிரண்டு பேர் அளவில், அதுவும் நகரம், கிராமம் வித்தியாசமே இல்லாமல். 1879 முதல் கரும்புக்காகக் கூட்டிவரப்பட்டவர்களின் பிள்ளைகள். 1903லிருந்து சென்னைத் துறைமுகம் வழியாகப் போன நம்மவர்களின் பேரன் பேத்திகளும் அதில் உண்டு.

அப்படி ஒரு வீடு. அட்டவணை காட்டிய ஆள் கரும்பு வெட்டுபவர். இரண்டு தடவை போயும் இல்லை. மூன்றாவது தடவை விடியற்காலை நாலரை மணிக்குப் போனோம். வாசலில் கத்தியைத் தீட்டிக்கொண்டிருந்தார். ஒட்டிய வயிறு, நரம்போடிய கை. வெறும் வயிற்றில் 268. "நாள் முழுக்க வேர்வை சிந்துகிறேன், எனக்கு எப்படி?" என்று ஃபிஜி ஹிந்தியில் கேட்டார். என்னிடம் சரியான பதில் இல்லை. ஆஸ்பத்திரிக்குச் சீட்டு எழுதிக் கொடுத்தேன். மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு லாரி ஏறப் போய்விட்டார்.

அடுப்படியிலிருந்து மனைவி வந்து விரலை நீட்டினார். டீ இன்னும் கொதிக்கவில்லை, அவரும் வெறும் வயிறுதான். அட்டவணை அவரைக் காட்டவில்லை. சர்க்கரை பார்க்கும் பட்டைகளோ எண்ணித்தான் கொடுத்திருந்தார்கள். ஒன்றை எடுத்துப் பார்த்தேன். 191. அவருக்கும் ஒரு சீட்டு எழுதிக் கொடுத்தேன். கணக்கில் அந்த எண்ணைச் சேர்க்கவில்லை.