பாதிப் பாட்டில் தளரும் போனோகிராஃப்

கேள்வி: மெழுகு உருளையில் பதிந்த பாட்டை ஒலிக்கும் பழைய எடிசன் ஸ்டாண்டர்டு போனோகிராஃப் வாங்கினேன். பாதிப் பாட்டில் வேகம் குறைகிறது, குரலும் கரகரக்கிறது. என்ன செய்யலாம்?
– வாசகர், ஊத்தங்கரை

பதில்: உருளை நிமிடத்துக்கு 160 சுற்று சுற்ற வேண்டும். ஓரத்தில் காகிதத் துண்டு ஒட்டி எண்ணுங்கள்: 15 விநாடிக்கு 40. குறைந்தால் முதலில் தோல் பெல்ட்டைப் பாருங்கள். எண்ணெய் பட்டிருந்தால் வழுக்கும். அடுத்து, வேகத்தைச் சீராக வைக்கும் கவர்னர். அதில் பிசினாகிப்போன பழைய எண்ணெயைத் துடைத்து, அதன் தண்டின் இரு முனைகளிலும் மெல்லிய எண்ணெய் ஒவ்வொரு சொட்டு விடுங்கள். ஓடும்போது ‘டொக் டொக்’ என்று அதிர்ந்தால் கருவியை ஓட்டும் சுருள்வில்லின் கிரீஸ் இறுகியிருக்கும். முறுக்கு முழுவதும் இறங்கிய பிறகே கழற்றுங்கள். இல்லாவிட்டால் வில் கையைக் கிழித்துவிடும்.

கரகரப்புக்குப் பெரும்பாலும் டயாபிரத்தை (அதிர்ந்து ஒலி எழுப்பும் மெல்லிய தகட்டை) பிடிக்கும் ரப்பர் வளையம் கல்லாகிப்போனதே காரணம், மாற்றுங்கள். ஊசியைப் பூதக்கண்ணாடியில் பாருங்கள், உடைந்த முனை மெழுகை உழுதுவிடும். 2 நிமிடம் ஓடும் உருளைக்கான ஊசியை, பள்ளங்கள் நெருக்கமான 4 நிமிட உருளையில் வைக்கவே கூடாது. உங்கள் ஊர்ச் சித்திரை வெயிலில் மெழுகு உருளையைக் காரில் விட்டுவிடாதீர்கள்.