விடுதலை நாளுக்கான படிப்பு: குற்றவியல் கேள்வி-பதில்

பள்ளிப் படிப்பை முடித்திருக்கிறேன். கொலை வழக்குகளில் துப்புத் துலக்க ஆசை. குற்றவியல் நீதி பட்டப்படிப்பில் சேரலாமா?

ரத்தக்கறை, கைரேகை, டி.என்.ஏ. என்று ஆய்வகத்தில் வேலை பார்க்கத்தான் ஆசை என்றால் நீங்கள் தேட வேண்டியது தடயவியல். அதற்கு வேதியியலும் உயிரியலும் வலுவாக இருக்க வேண்டும். குற்றவியல் நீதிப் படிப்பில் காவல்துறை, நீதிமன்றம், சிறை ஆகியவை எப்படி இயங்குகின்றன, ஓரிடத்தில் எடுக்கும் முடிவு அடுத்த இடத்தில் யாரை எப்படிப் பாதிக்கிறது என்பதைப் படிப்பீர்கள். புலனாய்வு பற்றி ஓரிரு தாள்கள் வரலாம். ஆனால் புலனாய்வு அதிகாரியாக, காவல்துறையின் தேர்வும் பயிற்சியும் தனியாக உண்டு. சேருவதற்கு முன் பாடத்திட்டத்தை வாங்கிப் பாருங்கள். பட்டத்தின் பெயர் ஒன்றாகவே இருக்கும். ஒரு பல்கலைக்கழகத்தில் சட்டம் தூக்கலாக இருக்கும், இன்னொன்றில் சமூகவியல்.

சிறை வார்டன் ஆகும் எண்ணம் எனக்கு இல்லை. சீர்திருத்தப் பணி என்ற தாளை நான் ஏன் எடுக்க வேண்டும்?

1841-இல் அமெரிக்காவின் பாஸ்டன் நகர நீதிமன்றத்தில் ஜான் அகஸ்டஸ் என்ற காலணித் தொழிலாளி உட்கார்ந்திருந்தார். குடிபோதை வழக்கில் ஒருவரைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். சிறைக்கு அனுப்பாவிட்டால் இனி குடிக்க மாட்டேன் என்று அந்த மனிதர் சொன்னதை நம்பி, அகஸ்டஸ் தானே முன்வந்து ஜாமீன் கொடுத்தார். மூன்று வாரம் கழித்து நீதிபதி முன் அழைத்துவந்தபோது, ஆள் அடையாளம் தெரியாத அளவுக்கு மாறியிருந்தார். ஒரு சென்ட் அபராதமும் வழக்குச் செலவும் மட்டும் விதித்து நீதிபதி அவரை விட்டுவிட்டார். அகஸ்டஸ் அதோடு நிற்கவில்லை. 1859-இல் இறக்கும் வரை நூற்றுக்கணக்கானவர்களுக்கு ஜாமீன் நின்றார். கண்ணை மூடிக்கொண்டு எல்லோரையும் ஏற்கவில்லை. வயது, பழக்கவழக்கம், சுற்றுப்புறம் எல்லாம் விசாரித்தார். தங்க இடமும் வேலையும் தேடிக் கொடுத்தார். நடப்பதை நீதிமன்றத்துக்குத் தெரிவித்தார். இன்றைய நன்னடத்தை அலுவலர் செய்வது ஏறக்குறைய இதே வேலைதான்.

ஆகவே இந்தத் தாளைச் சிறைச் சுவரோடு நிறுத்திவிடாதீர்கள். சிறைக்கு அனுப்பாமல் வெளியே வைத்தே கவனிக்கும் நன்னடத்தைக் கண்காணிப்பு, தண்டனை முடியுமுன் நிபந்தனையோடு விடுவிக்கும் பரோல், சிறார் இல்லம், போதை மீட்பு, விடுதலைக்குப் பின் வீடும் வேலையும் தேடித் தருவது என எல்லாம் இதற்குள் வரும். உள்ளே போகிறவர்களில் மிகப் பெரும்பாலோர் ஒருநாள் வெளியே வரத்தான் போகிறார்கள். அந்த நாளில் அவர் எந்த நிலையில் வாசலைத் தாண்டுகிறார் என்பது நம் எல்லோரையும் பாதிக்கும்.

கணக்கு எனக்கு வராது. புள்ளியியல் தாளைத் தவிர்க்க வழி உண்டா?

தவிர்க்காதீர்கள். தயவுசெய்து தவிர்க்காதீர்கள். இந்தத் துறையில் நல்லெண்ணத்தால் விளைந்த தீங்கு நிறைய. அதைக் கண்டுபிடித்துக் கொடுத்தது எண்கள்தான்.

தவறான வழியில் போகும் சிறுவர்களைச் சிறைக்குள் அழைத்துப்போய், ஆயுள் கைதிகளை விட்டு மிரட்டச் சொல்லும் திட்டம் 1970-களில் அமெரிக்காவில் பெரும் வரவேற்பைப் பெற்றது. கேட்பவர் எல்லோருக்கும் சரியென்றே படும். பிறகு, குலுக்கல் முறையில் ஒரு பிரிவை அனுப்பி, மறு பிரிவை அனுப்பாமல் ஒப்பிட்ட பரிசோதனைகளைச் சேர்த்துப் பார்த்தார்கள். போய்வந்த சிறுவர்களே அதிகம் குற்றம் செய்திருந்தார்கள். இதைவிட மனதை உலுக்குவது அமெரிக்காவில் நடந்த கேம்பிரிட்ஜ்-சோமர்வில் ஆய்வு. 1939-இல் தொடங்கிய அதில் சிறுவர்களுக்கு ஆலோசகர், படிப்பு உதவி, கோடை முகாம் எல்லாம் கொடுத்தார்கள். சுமார் முப்பது ஆண்டு கழித்து ஜோன் மெக்கார்ட் என்ற ஆய்வாளர் அந்தச் சிறுவர்களைத் தேடிப்பிடித்தார். திட்டம் தங்களுக்கு உதவியது என்றே பலர் சொன்னார்கள். ஆனால் உதவி பெறாத பிரிவோடு ஒப்பிட்டால், பல விஷயங்களில் உதவி பெற்றவர்களின் நிலைதான் மோசமாக இருந்தது. 1978-இல் அவர் இதை வெளியிட்டார். எனக்குப் பயன்பட்டது என்று ஒருவர் மனதார நம்பிச் சொன்னாலும், ஒப்பிட்டுப் பார்க்காமல் முடிவுக்கு வரக்கூடாது என்பதற்கு இதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியாது.

உங்களுக்குத் தேவை உயர்கணிதம் அல்ல. மறுகுற்ற விகிதம், அதாவது வெளியே வந்தபின் மறுபடி குற்றத்தில் சிக்கியவர்களின் பங்கு, இத்தனை சதவீதம் என்று யாராவது சொன்னால் மூன்று கேள்விகள் கேட்கத் தெரிய வேண்டும். எதை எண்ணினார்கள்: மறுபடி கைதானதையா, தண்டனை பெற்றதையா, சிறைக்குத் திரும்பியதையா? எத்தனை ஆண்டு பின்தொடர்ந்தார்கள்? யாரோடு ஒப்பிட்டார்கள்? பரோல் அதிகாரியைப் பார்க்க ஒருநாள் வராததற்காக உள்ளே போனவரும், கொள்ளையடித்து உள்ளே போனவரும் அந்த எண்ணிக்கையில் ஒன்றாகவே நிற்கலாம்.

முதல்முறை சிறைக்குக் களப்பயணம் போகிறோம். எப்படி நடந்துகொள்வது?

போன் கொண்டுபோகாதீர்கள். யார் கேட்டாலும் கடிதமோ சிறு பொருளோ வாங்கி வெளியே கொண்டுவராதீர்கள். நிறைவேற்ற முடியாத வாக்கு எதையும் கொடுக்காதீர்கள்; ‘மறுபடி வருகிறேன்’ என்பதுகூட அங்கே வாக்குதான். என்ன குற்றம் செய்தீர்கள் என்று கேட்பதைப் போல அநாகரிகம் வேறில்லை. அது வேடிக்கை பார்க்கும் இடமல்ல. சிலருக்கு அது பல வருட வீடு.

உறவினர்கள் வந்து பார்க்கும் அறையை அவசியம் பாருங்கள். கம்பிவலையோ கண்ணாடியோ எந்த உயரத்தில் தொடங்குகிறது? ஐந்து வயதுக் குழந்தை நின்றபடி அப்பாவின் முகத்தைப் பார்க்க முடியுமா? ஒரே சமயத்தில் பத்துப் பேர் பேசினால் குரல் கேட்குமா? குடும்ப உறவு அறாமல் இருப்பது விடுதலைக்குப் பின் எவ்வளவு முக்கியம் என்று புத்தகத்தில் படித்திருப்பீர்கள். அது அறுவதும் நிலைப்பதும் இந்த மாதிரி இடங்களில்தான்.

ஆய்வுக்காகப் பேட்டி எடுப்பதாக இருந்தால் துறையின் நெறிமுறைக் குழு அனுமதி முதலில். ‘இவர்களிடம் பேசினால் சீக்கிரம் விடுவார்கள்’ என்ற நம்பிக்கையில் ஒருவர் சம்மதிக்கக்கூடும். பேசினால் சலுகையும் இல்லை, மறுத்தால் பாதிப்பும் இல்லை என்று தெளிவாகச் சொல்லிவிட்டுத்தான் தொடங்க வேண்டும்.

குற்றவாளிகளுக்காகப் படிக்கிறாயே, பாதிக்கப்பட்டவர்களை யார் நினைப்பது என்று அம்மா கேட்கிறார்.

அம்மா கேட்பது நியாயமான கேள்வி. தட்டிக்கழிக்காதீர்கள். நல்ல பட்டப்படிப்பில், குற்றத்தால் பாதிக்கப்பட்டவர்களைப் பற்றிப் படிக்கும் பாதிக்கப்பட்டோரியல் ஒரு தாளாகவாவது இருக்கும். இல்லையென்றால் துறையிடம் கேளுங்கள். ஒருவர் மறுபடி குற்றம் செய்யாமல் இருந்தால், பாதிக்கப்பட இருந்த இன்னொருவர் தப்பிக்கிறார். இதையும் அம்மாவிடம் சொல்லுங்கள்.

என் அண்ணன் சிறையில் இருக்கிறான். வகுப்பில் யாருக்கும் தெரியாது. கைதிகளைப் பற்றி மற்றவர்கள் பேசும்போது தாங்க முடியவில்லை.

தம்பி, இதை எழுதியதற்கே துணிச்சல் வேண்டும். வகுப்பில் நீங்கள் யாருக்கும் எதையும் சொல்லக் கடமைப்பட்டவர் இல்லை. நம்பிக்கையான ஓர் ஆசிரியரிடம் மட்டும் தனியாகச் சொல்லிவைத்தால், களப்பயணத்துக்கு எந்தச் சிறை என்று முடிவாகும்போது உதவியாக இருக்கும். குடும்பத்தில் ஒருவர் சிறையில் இருப்பது படிப்பதற்குத் தடையில்லை. சிறைத்துறை வேலைக்குப் பின்னணி விசாரணை உண்டு; அதில் மறைக்காமல் சொல்வதே பாதுகாப்பு. பார்வையாளர் நாளில் வரிசையில் நின்ற அனுபவம் உங்களுக்கு இருக்கிறது. இந்தத் துறைக்கு அது தேவை.

சேருவதற்கு முன் ஒன்றே ஒன்று படிக்கலாம் என்றால் எது?

கைதிகளை எப்படி நடத்த வேண்டும் என்று சொல்லும், ஐ.நா. பொதுச்சபை 2015-இல் ஏற்ற நெல்சன் மண்டேலா விதிகள். மொத்தம் 122 விதிகள். இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும். ஒரு நாளில் 22 மணி நேரமோ அதற்கு மேலோ, அர்த்தமுள்ள மனிதத் தொடர்பு இல்லாமல் அடைத்துவைப்பதே தனிமைச் சிறை என்று அது வரையறுக்கிறது. தொடர்ந்து 15 நாளுக்கு மேல் போனால் கூடாது என்கிறது. படித்த கையோடு உங்கள் நாட்டுச் சிறை விதிகளையும் எடுத்து, தனிமைச் சிறை, மருத்துவம், உறவினர் சந்திப்பு ஆகிய மூன்றையும் அருகருகே வைத்துப் பாருங்கள். எங்கே இடைவெளி இருக்கிறது என்று குறித்துக்கொண்டு வகுப்புக்கு வாருங்கள்.