டிராக்டர் விற்றவருக்கு இன்சென்டிவ் இல்லையாம்!

கேள்வி: கிருஷ்ணகிரியில் ஒரு டிராக்டர் ஷோரூமில் இரண்டரை வருடம் சேல்ஸ் வேலை பார்த்தேன். சம்பளம் 11,000 ரூபாய். வண்டி ஒன்றுக்கு இன்சென்டிவ் 2,500. "4-க்கு மேல் போனால் 3,500" என்று மேனேஜர் வாட்ஸ்அப் குரூப்பில் போட்டிருக்கிறார். இந்த வருடம் ஜனவரியில் 3, பிப்ரவரியில் 5, மார்ச்சில் 6 வண்டி டெலிவரி கொடுத்தேன். ஏப்ரல் 10-ஆம் தேதி வேலையை விட்டேன். மூன்று மாத இன்சென்டிவும் வரவில்லை, பத்து நாள் சம்பளமும் வரவில்லை. கேட்டால், "விட்டுட்டுப் போனவனுக்கு இன்சென்டிவ் கிடையாது, காவேரிப்பட்டினம் பார்ட்டி மார்ஜினில் (லோன் போக வாங்குகிறவர் கையிலிருந்து கட்டும் பணத்தில்) வைத்த 22,000 பாக்கியையும் நீதான் கட்டணும்" என்கிறார்கள். வேலையில் சேரும்போது கையெழுத்து மட்டும் போட்டுக் கொடுத்த செக் ஒன்றும் அவர்களிடம் இருக்கிறது. அப்பாயின்ட்மென்ட் ஆர்டர் தரவில்லை. நான் புக்கிங் எடுத்த இன்னும் இரண்டு வண்டி, நான் வெளியே வந்த பிறகு டெலிவரி ஆகியிருக்கிறது. என்ன செய்யலாம்?
– போச்சம்பள்ளி வாசகர்

பதில்: முதலில் உங்கள் போனைப் பத்திரமாக வையுங்கள். குரூப்பிலிருந்து நீக்கியிருந்தாலும் பழைய மெசேஜ்கள் உங்கள் போனில் இருக்கும். நீங்களாக எதையும் அழித்துவிடாதீர்கள். அந்த "4-க்கு மேல் 3,500" மெசேஜ்தான் இந்த வழக்கின் அப்பாயின்ட்மென்ட் ஆர்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஸ்கிரீன்ஷாட் எடுத்தால் மட்டும் போதாது. சாட்டை எக்ஸ்போர்ட் செய்து மெயிலில் ஒரு நகல் போட்டு வையுங்கள். மின்னணு ஆவணத்தை நீதிமன்றத்தில் கொடுக்கும்போது பாரதிய சாட்சிய சட்டம் 63-ஆம் பிரிவின்படி ஒரு சான்றிதழும் சேர்க்க வேண்டும். அதை உங்கள் வக்கீல் தயார் செய்துவிடுவார். மெசேஜ் வந்த போன் கையில் இருந்தால் அவர் வேலை சுலபம்.

அப்புறம் டெலிவரி போட்டோக்கள். மாலை போட்ட வண்டி, முன் சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம், வாங்குகிறவர் குடும்பத்தோடு நிற்க நீங்கள் பெரிய அட்டைச் சாவியை நீட்டுகிற படம் ஒவ்வொரு டெலிவரிக்கும் எடுத்திருப்பார்களே, அதைத் தேதியோடு சேகரியுங்கள். "அந்த வண்டியை விற்றது வேறு ஆள்" என்று ஷோரூம் சொன்னால் அந்தப் படம் பதில் சொல்லும். புக்கிங் ஃபாரத்தில் விற்பனையாளர் பெயர்க் கட்டம் இருக்கும். அதன் நகல் வாங்கியவர்களிடம் இருந்தால் கேட்டுப் பாருங்கள்.

இனி கணக்கு. மேனேஜர் மெசேஜில் ஒரு சிக்கல் இருக்கிறது. நாலைத் தாண்டினால் எல்லா வண்டிக்கும் 3,500-ஆ, ஐந்தாவது வண்டியிலிருந்து மட்டும் 3,500-ஆ? முதல் அர்த்தத்தில் ஜனவரிக்கு 7,500, பிப்ரவரிக்கு 17,500, மார்ச்சுக்கு 21,000, மொத்தம் 46,000. இரண்டாவது அர்த்தத்தில் 38,000. எட்டாயிரம் வித்தியாசம். இதைத் தீர்க்க உங்கள் பேங்க் ஸ்டேட்மென்ட் போதும். இந்த இரண்டரை வருடத்தில் ஐந்தோ ஆறோ வண்டி போன மாதம் ஏதாவது இருந்திருக்கும். ஐந்து போன மாதத்துக்கு 17,500 வரவு வந்திருந்தால் அதுதான் வழக்கம், கேள்வி முடிந்தது. 13,500 வந்திருந்தால் 38,000-தான் கேட்க வேண்டும். இல்லாததைக் கூட்டிக் கேட்டால், இருப்பதையும் சந்தேகத்தோடு பார்ப்பார்கள். அப்படி ஒரு மாதமே இல்லை என்றால், எழுதினவர் தெளிவில்லாமல் எழுதியதை அவருக்கு எதிராகப் பொருள்கொள்ளலாம் என்ற விதி உங்களுக்குக் கை கொடுக்கும்.

சட்டத்தில் கொஞ்சம் முள் இருக்கிறது, பொறுமையாகப் படியுங்கள். ஊதியச் சட்டத் தொகுப்பு, 2019 கடந்த 2025 நவம்பர் 21 முதல் அமலில் இருக்கிறது. வேலையை நீங்களே விட்டாலும் இரண்டு வேலை நாளுக்குள் ஊதியத்தைத் தர வேண்டும் என்கிறது அது. ஆகவே பத்து நாள் சம்பளத்தில் பேச்சே இல்லை. இன்சென்டிவ் அப்படியல்ல. அந்தச் சட்டத்தில் 'ஊதியம்' என்பதன் விளக்கத்திலிருந்து கமிஷனை விலக்கி வைத்திருக்கிறார்கள். ஆனால் விலக்கி வைத்தவை மொத்த வருமானத்தில் பாதியைத் தாண்டினால், தாண்டிய பகுதி ஊதியமாகிவிடும்.

46,000 கணக்கையே எடுத்துக்கொள்வோம். பிப்ரவரியில் சம்பளமும் இன்சென்டிவும் சேர்த்து 28,500. பாதி 14,250. இன்சென்டிவ் 17,500 என்பதால் தாண்டியது 3,250. மார்ச்சில் மொத்தம் 32,000, பாதி 16,000, தாண்டியது 5,000. ஜனவரியில் தாண்டவில்லை. ஆக, இன்சென்டிவைக் கமிஷன் என்றே வைத்தாலும் 8,250 ரூபாய் ஊதியம்தான். மீதி 37,750 ஒப்பந்தப்படி வர வேண்டிய கடன். அதை சிவில் கோர்ட்டில் மூன்று வருடத்துக்குள் கேட்கலாம்.

நான் உங்கள் வக்கீலாக இருந்தால் இதோடு நிற்க மாட்டேன். 'இன்சென்டிவ்' என்ற சொல் விலக்குப் பட்டியலில் இல்லை. வேலையின் நிபந்தனைப்படி மாதாமாதம் வருவதால் முழுவதும் ஊதியமே என்று முதல் வாதமாக வைப்பேன். இல்லை, அது கமிஷன்தான் என்று ஷோரூம் சொன்னால், சரி, அப்படியானால் ஜனவரியில் உங்கள் ஊதியம் வெறும் 11,000. அது அரசு நிர்ணயித்த குறைந்தபட்ச ஊதியத்தைத் தொடுகிறதா என்று கேட்பேன். கமிஷன் என்று ஒதுக்கியதை அங்கே ஊதியமாகக் கூட்டிக் காட்ட அவர்களால் முடியாது. இந்தக் கேள்வி வந்ததும் பல முதலாளிகள் பேச வந்துவிடுவார்கள்.

'விட்டுப் போனவனுக்குக் கிடையாது' என்று எந்தக் காகிதத்திலும் நீங்கள் கையெழுத்துப் போடவில்லை என்றால் அது வெறும் வாய்ப்பேச்சு. வண்டி டெலிவரி ஆன அன்றே உங்கள் உரிமை முடிவாகிவிட்டது. அப்படி ஏதாவது ஃபாரத்தில் கையெழுத்துப் போட்டிருந்தால் உடனே வக்கீலிடம் சொல்லுங்கள். ஊதியத்தை விட்டுக்கொடுக்கிற ஒப்பந்தம் செல்லாது என்று சட்டமே சொல்கிறது. ஆனால் கமிஷன் பகுதியில் அந்தக் கையெழுத்து கொஞ்சம் இடிக்கும்.

காவேரிப்பட்டினம் 22,000 பற்றி. "மாங்காய் இறங்கினதும் தர்றேன்" என்று விவசாயி சொன்னதை நம்பி வண்டியை வெளியே விட்டது யார்? முதலாளி சம்மதம் இல்லாமல் டெலிவரி சலான் போட்டிருக்க மாட்டார்கள். உங்களிடம் ஒப்படைத்த பொருளோ பணமோ உங்கள் அலட்சியத்தால் போனால்தான் ஊதியத்தில் பிடிக்கலாம். அதற்கும் முன்னால் உங்கள் விளக்கத்தைக் கேட்க வேண்டும். மொத்தப் பிடித்தமும் அந்த மாத ஊதியத்தில் பாதியைத் தாண்டக் கூடாது. வாடிக்கையாளரின் கடன் பாக்கி இதில் எதிலும் வராது. அவரிடம் நீங்கள் ரொக்கம் வாங்கிக் கட்டாமல் விட்டிருந்தால் மட்டும் கதை வேறு. அப்படி இருந்தால் என்னிடம் மறைத்ததுபோல் உங்கள் வக்கீலிடம் மறைக்காதீர்கள். முடிந்தால் அந்த விவசாயியைப் பார்த்து, "பாக்கி எனக்கும் ஷோரூமுக்கும் உள்ளது, இவர் கையில் பணம் எதுவும் கொடுக்கவில்லை" என்று இரண்டு வரி எழுதி வாங்குங்கள். மாங்காய் வியாபாரம் ஓடும்போது போனால் ஆளைப் பிடிப்பது கஷ்டம், காலையிலேயே போங்கள்.

செக் விஷயத்தில் எச்சரிக்கை. பேங்கில் 'ஸ்டாப் பேமென்ட்' கொடுத்துவிட்டால் தப்பித்துவிட்டோம் என்று நினைக்க வேண்டாம். அப்படித் திரும்பிய செக்குக்கும் மாற்றுமுறை ஆவணச் சட்டம் 138-ஆம் பிரிவில், அதாவது செக் திரும்பியதற்கான குற்ற வழக்கு, போட முடியும். அதனால் நீங்கள் அனுப்பும் முதல் கடிதத்திலேயே, செக் எண்ணைக் குறிப்பிட்டு, சேரும்போது பாதுகாப்புக்காகக் கொடுத்தது, எந்தக் கடனும் இல்லை, திருப்பித் தரவும் என்று எழுதிவிடுங்கள். பின்னால் அவர்களிடமிருந்து செக் நோட்டீஸ் வந்தால் 15 நாளுக்குள் பதில் போக வேண்டும். தபாலை வாங்க மறுப்பது உதவாது.

கடிதத்தை ஒப்புகையோடு ஸ்பீட் போஸ்ட்டில் அனுப்புங்கள். மாதவாரி வண்டி எண்ணிக்கை, தொகை, பத்து நாள் சம்பளம், செக், பதில் தர 15 நாள் அவகாசம். இவ்வளவு போதும், திட்டு வேண்டாம். பதில் இல்லை என்றால் கிருஷ்ணகிரி தொழிலாளர் துறை அலுவலகத்தில் ஊதியக் கோரிக்கை மனு. மனுப் போட மூன்று வருடம் அவகாசம் உண்டு. கொடுத்துவிட்டோம் என்று நிரூபிக்கும் பொறுப்பு முதலாளியுடையது. பாக்கியோடு அதற்குப் பத்து மடங்கு வரை நஷ்ட ஈடு விதிக்கவும் அதிகாரிக்கு அதிகாரம் உண்டு, பத்து மடங்கு எல்லோருக்கும் கிடைத்துவிடும் என்று நம்பி உட்கார வேண்டாம். லேபர் கோர்ட்டுக்குப் போகச் சொல்லி யாராவது யோசனை சொன்னால் அவசரப்படாதீர்கள். மருந்து விற்பனைப் பிரதிநிதிகள் பழைய தொழில் தகராறுச் சட்டத்தின் 'தொழிலாளி' என்ற விளக்கத்தில் வர மாட்டார்கள் என்று 1994-இல் உச்ச நீதிமன்றம் சொன்னதைக் காட்டி, விற்பனை வேலை பார்த்தவரை வாசலிலேயே நிறுத்தப் பார்ப்பார்கள். ஊதியச் சட்டத் தொகுப்பின் 'பணியாளர்' என்ற விளக்கம் அதைவிட அகலம்.

மீதி 37,750-க்காக சிவில் வழக்கு என்று அலைவதற்கு முன், மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் வழக்குக்கு முந்தைய சமரச மனு ஒன்று கொடுங்கள். கோர்ட் கட்டணம் கிடையாது. இரு தரப்பையும் அழைத்துப் பேசுவார்கள். லோக் அதாலத்தில் (மக்கள் நீதிமன்றத்தில்) முடிந்தால் அது தீர்ப்புக்குச் சமம், அதன் மேல் அப்பீல் இல்லை. இந்தத் தொகைக்கு எனக்குப் பிடித்த வழி இதுதான்.

நீங்கள் வெளியே வந்த பிறகு டெலிவரி ஆன இரண்டு வண்டிகளைக் கணக்கில் சேர்க்காதீர்கள். மேனேஜர் மெசேஜ் 'புக்கிங்' என்று சொல்கிறதா 'டெலிவரி' என்று சொல்கிறதா என்று ஒரு தடவை பாருங்கள். 'புக்கிங்' என்று இருந்தால் மட்டும் எனக்கு எழுதுங்கள்.