யாழ்ப்பாணத்தில் கலியாணம், பறவை, கடற்கரை என்று படமெடுத்தே வாழ முடியுமா?

ஏ.எல். (உயர்தரப் பரீட்சை) முடித்த ஒருவர் கேட்டிருக்கிறார்: ‘கையில் ஒரு கமரா இருக்கிறது. யாழ்ப்பாணத்தில் கலியாணம், இயற்கை, கடற்கரை என்று படமெடுத்தே பிழைக்கலாமா? அந்த வாழ்க்கை எப்படி இருக்கும்?’

பிழைக்கலாம். ஆனால் அடுத்த லென்ஸ் வாங்க முதல் ஒரு பஞ்சாங்கம் வாங்குங்கள். பகிடிக்குச் சொல்லவில்லை. எங்கள் தொழிலில் வருமானம் எந்த மாதம் வரும், எந்த மாதம் வராது என்று சொல்வது அதுதான். ஆடியிலும் மார்கழியிலும் கலியாணம் இல்லை. மற்ற மாதங்களிலும் நல்ல நாள் கொஞ்சம்தான் என்பதால் எல்லாரும் அதே திகதியைக் கேட்பார்கள். பஞ்சாங்கம் வாக்கியம், திருக்கணிதம் என்று இரண்டு வகை, இரண்டு பக்கத்தாரும் ஒத்துப்போகாத விஷயங்கள் இருக்கின்றன, அதில் தலை போடாதீர்கள். ஆவணிதான் உச்சம். நல்லூர்த் திருவிழா 25 நாள், வெளிநாட்டில் பள்ளிக்கூட விடுமுறை, அதோடு கலியாணங்களும் சாமத்தியவீடுகளும் (பூப்புனித நீராட்டு விழாக்கள்). அந்த நாட்களில் வீட்டுக்குச் சாப்பிட வருவதே பெரிய காரியம்.

கலியாணவேலை பொன்னுருக்கலில், அதாவது தாலிக்குப் பொன் உருக்குகிற சடங்கில், தொடங்கிவிடும். மாப்பிள்ளை வீட்டில் ஒரு மூலை, ஆசாரியாரின் நெருப்பு, சுற்றிவர ஆட்கள். தங்க நாணயம் உருகிச் சிவக்கிற கொஞ்ச நேரம்தான் படம். பிளாஷ் அடித்தால் அந்த நிறம் செத்துப்போகும். கலியாணத்தன்று, பெண் கூறை உடுத்தி வர எழுந்து போகிற இடைவெளியில் பற்றரியையும் மெமரி கார்டையும் பார்த்துக்கொள்ள வேண்டும். பிறகு கெட்டிமேளம் வரைக்கும் அசைய ஏலாது. தாலி கட்டும்போது ஓமப்புகை ஒருபக்கம், அறுகரிசி ஒருபக்கம், அதற்கு முன்னால் தூக்கிப்பிடித்த கைத்தொலைபேசிகள். முன்வரிசை மாமிமார் எழுந்து நின்றால் கதை முடிந்தது. அதனால் ஐயருடனும் வீடியோக்காரருடனும் முதலே கதைத்து, யார் எங்கே நிற்பது என்று முடிவெடுத்து வைப்பேன். மண்டபங்களில் இப்போது கலர் கலராக எல்ஈடி போடுகிறார்கள். ஊதா வெளிச்சத்தில் மணப்பெண்ணின் முகத்தைத் திருப்பி மனிதத் தோல் நிறத்துக்குக் கொண்டுவருவதே தனி வேலை.

இளம் ஆட்கள் இந்தத் தொழிலுக்கு வந்தவுடன் வரிசையாக நிற்க வைத்து எடுக்கிற குடும்பப் படத்தை இளக்காரமாகப் பார்க்கிறார்கள். தெரியாமல் எடுத்த படம்தான் கலையாம். எனக்கு அதில் உடன்பாடில்லை. எங்கள் ஊரில் அந்த வரிசைப் படம்தான் வேலையின் நடு. ஒரு பிள்ளை ரொறன்ரோவில், ஒன்று பாரிசில், ஒன்று ஒஸ்லோவில், தாய் இணுவிலில். எல்லாரும் ஒரே மேடையில் நிற்பது அந்தக் கலியாணத்தில்தான், அடுத்தது எப்போது என்று அவர்களுக்கே தெரியாது. 1995 ஒக்டோபர் 30ஆம் திகதி போரால் வலிகாமத்துச் சனம் (யாழ்ப்பாண நகரும் சுற்றியுள்ள ஊர்களும்) கிழக்கே தென்மராட்சிப் பக்கம் இடம்பெயர்ந்தபோது கையில் அகப்பட்டதோடுதான் நடந்தது. எத்தனையோ வீட்டு அல்பங்கள் அதோடு போயின. ஒரு கலியாணவீட்டில் பெண்ணின் அம்மம்மா என்னைக் கூப்பிட்டு, “தம்பி, இவரையும் எங்களோட நிக்கிற மாதிரிச் செய்யலாமோ?” என்று ஓர் அடையாள அட்டைப் படத்தை நீட்டினார். நகத்தளவு முகம், ஓரத்தில் முத்திரை மை. செய்து கொடுத்தோம். பழைய படத்தைத் திருத்துவது, பெரிதாக்குவது எல்லாம் இங்கே ஓயாத வேலை. போட்டோஷொப்பை ஒழுங்காகப் பழகி வைத்தால் ஆடி மாதத்திலும் உலை கொதிக்கும்.

வரிசைப் படத்துக்கு யார் பெரியப்பா, யார் சித்தப்பா, யார் யாரோடு கதைப்பதில்லை என்பதும் தெரிய வேண்டும். வீட்டு அக்கா ஒருவரைப் பிடித்து முதல் நாளே கேட்டு எழுதி வைத்துவிடுவேன். கோபித்துக்கொண்டிருக்கிற இரண்டு பேரைப் பக்கத்தில் நிற்க விட்டால் அந்த இறுக்கம் படத்தில் அப்படியே வந்து நிற்கும்.

பஞ்சாங்கம் ஓய்வு தருகிற மார்கழியில்தான் பறவைகள் நிற்கும். வாடைக்காற்றோடு மழை வந்து கடலேரியும் உவர்நிலமும் நிரம்ப, வலசை வருகிற பறவைகள் வந்து இறங்கும். சுண்டிக்குளம் 1938இலேயே பறவைகள் சரணாலயமாக்கப்பட்ட இடம், பிறகு தேசிய பூங்கா ஆனது. பூநாரைக்குக் கிட்டப் போகாதீர்கள். ஒன்று எழும்பினால் கூட்டமே எழும்பும், அன்றைய தீனும் ஓய்வும் அதற்குக் கெட்டுப்போகும். நீளமான லென்ஸ் இல்லையென்றால் பறவையைச் சின்னதாக வைத்து நிலத்தைப் பெரிதாக எடுங்கள். எங்கள் தரை ஒரு மேடு இல்லாத தரை, வானம் அரைவாசிக்கு மேல் வரும். படம் அதில்தான் இருக்கிறது. இந்தப் படங்களுக்கு யாரும் பெரிதாகக் காசு தருவதில்லை, அதை முதலே சொல்லிவிடுகிறேன். தைப்பொங்கலன்று வல்வெட்டித்துறையில் பட்டம் விடுவதை எடுக்கப் போவதும் அப்படித்தான், மனதுக்காக.

கடற்கரையில் காசு இருக்கிறது, சோடிகளின் அவுட்டோர் படங்களால். இங்கே பஞ்சாங்கத்தின் இடத்தில் காற்று. சோளகம் (தென்மேற்குக் காற்று) அடிக்கிற மாதங்களில் தீவுப்பகுதிக் கடல் கொந்தளிக்கும். குறிகட்டுவானில் படகு ஏறி நெடுந்தீவுக்குப் போய்ச் சேர ஒரு மணித்தியாலம் அளவில் பிடிக்கும். அங்கே திரிகிற காட்டுக் குதிரைகளோடு படம் வேண்டும் என்று கேட்கிற பெண்ணுக்கு, வந்து இறங்கும்போது போட்ட சோடனை மிஞ்சாது என்று முதலே சொல்லிவிட வேண்டும். காரைநகர்க் கசூரினாக் கரை வடக்குப் பார்த்தது. ஆனி, ஆடியில் சூரியன் கடற்பக்கமாக இறங்கும், மார்கழியில் தெற்கே விலகிப்போய்விடும். இது தெரியாமல் பொழுதுபடுகிற படம் எடுக்க வந்து, முதுகுப்பக்கம் தேடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். கிழக்குக் கரையிலுள்ள மணற்காட்டு மணல்மேடுகளும் மணலுக்குள் புதைந்த பழைய அந்தோனியார் கோவிலும் விடியற்காலைக்குரியவை. ஆனால் விடிய அங்கே நிற்பதென்றால் சோடனைக்காரர் சாமம் மூன்று மணிக்கே தொடங்க வேண்டும், பாதிப்பேர் அதிலேயே பின்வாங்குவார்கள். அவர்களுக்கு யாழ் நகரோரத்துப் பண்ணைப் பாலம். பின்னேரம் ஐந்தரைக்கு வாருங்கள் என்றால் போதும், மற்றதைக் கடல் பார்த்துக்கொள்ளும்.

காசு விஷயம். முற்பணம் வாங்காமல் திகதி குறிக்காதீர்கள், சொந்தக்காரர் என்றாலும்தான். மிச்சத்தை அல்பம் கொடுக்க முதல் வாங்குங்கள். கமரா, லென்ஸ் எல்லாம் டொலர் விலையில் வருபவை. 2022இல் ஒரு டொலர் 200 ரூபாயிலிருந்து 360 அளவுக்குப் போனபோது, ஒரு லென்ஸ் விழுந்து உடைந்தால் தொழிலே நிற்கும் என்ற நிலை. பெற்றோலுக்கு வரிசையில் நின்றுவிட்டுக் கலியாணத்துக்குச் சைக்கிளில் போன ஆட்களும் உண்டு. அதனால் கடன் எடுத்துப் புதுக் கமரா வாங்கச் சொல்லமாட்டேன். இரண்டு கார்ட் போடக்கூடிய பழைய கமரா ஒன்று போதும். ஒரு கார்ட் பழுதானாலும் படம் மற்றதில் இருக்கும், கட்டின தாலியைத் திருப்பிக் கட்டச் சொல்ல ஏலாது.

ட்ரோனை இப்போதைக்கு விடுங்கள். சிவில் விமான சேவைகள் அதிகாரசபையில் பதிவு வேண்டும். பலாலி விமான நிலையமும் முகாம்களும் கிட்ட இருக்கிற இடங்களில் பதிவு இருந்தாலும் தலையிடிதான்.

பழைய லென்ஸ் வாங்கினால் டோர்ச் அடித்து உள்ளே பாருங்கள். கண்ணாடிக்குள் நூல் நூலாக வெள்ளையாகத் தெரிந்தால் அது பங்கஸ் (பூஞ்சணம்), எங்கள் ஈரக்காற்றில் மற்ற லென்சுக்கும் பரவலாம். எவ்வளவு மலிவாகத் தந்தாலும் வேண்டாம்.