'எங்கள் பையனை ட்ரயலுக்குக் கேட்கிறார்கள், சேர்க்கலாமா அக்கா?'

தம்பி, நீங்கள் கேட்டது இதுதான்: லண்டன் வந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை, ஏழு வயதுப் பையனுக்கு மூன்று மருந்து கொடுத்தும் வலிப்பு நிற்கவில்லை, இப்போது மருத்துவமனையில் ஒரு புது மருந்துக்கான ட்ரயலில் சேர்க்க விருப்பமா என்று கேட்டிருக்கிறார்கள். வெளியூர்க்காரர்கள், கேட்க ஆளில்லை என்று நம் பிள்ளையைச் சோதனை எலியாக்கப் பார்க்கிறார்களோ என்று வீட்டில் எல்லோருக்கும் பயம். என் மகளுக்கும் மருந்துக்குக் கட்டுப்படாத வலிப்புதான். இங்கே பல வருடமாக அலைந்துகொண்டிருக்கிறோம், ஒரு ட்ரயலையும் பார்த்தாயிற்று. அதனால் தெரிந்ததைச் சொல்கிறேன், முடிவு உங்களுடையது.

முதலில் அந்த எலிப் பயத்தை விடுங்கள். இங்கே ஒரு மருந்தாய்வு தொடங்க வேண்டுமென்றால் நெறிமுறைக் குழுவும் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பும் அனுமதி தர வேண்டும், நீங்கள் மாட்டேன் என்று சொன்னாலும் பையனுக்கு நடக்கும் வைத்தியத்தில் ஒரு மாற்றமும் வராது, பாதியில் காரணம் சொல்லாமலே விலகலாம். உண்மையில் பிரச்சினை நேர்மாறானது. ஆங்கிலம் சரளமாக வராத குடும்பங்களையும் சிறுபான்மையினரையும் ஆய்வுகளுக்குப் போதுமான அளவு சேர்க்க முடிவதில்லை என்று ஆய்வாளர்களே குறைப்பட்டுக்கொள்கிறார்கள்.

என்னைக் கேட்டால், சேர்க்கலாமா என்பதைவிட முந்திய ஒரு கேள்வி இருக்கிறது: ட்ரயலுக்கு முன்னால் பார்க்க வேண்டியதை எல்லாம் பார்த்தாயிற்றா?

பொருத்தமான இரண்டு மருந்துகளைச் சரியான அளவில் கொடுத்துப் பார்த்தும் வலிப்பு நிற்காவிட்டால் அது மருந்துக்குக் கட்டுப்படாத வலிப்பு என்று 2010-இல் சர்வதேச வலிப்பு எதிர்ப்பு அமைப்பு வரையறுத்தது. ஏன் இரண்டோடு நிறுத்தினார்கள் என்றால், கிளாஸ்கோவில் செய்து 2000-இல் வெளியான ஓர் ஆய்வில் முதல் மருந்திலேயே 47 சதவீதம் பேருக்கு வலிப்பு நின்றது, இரண்டாவதில் இன்னும் 13 சதவீதம் பேருக்கு, அதற்கப்புறம் எண்ணிக்கை சட்டென்று விழுந்துவிட்டது. ஆக ஐந்தாவது, ஆறாவது மருந்து என்று வரிசையாக மாற்றிக்கொண்டே போவதில் பெரிய நம்பிக்கை வைக்க முடியாது, வேறு பக்கம் திரும்ப வேண்டிய நேரம் அது.

ஆனால் அந்த வரையறையில் 'பொருத்தமான' என்பதை விட்டுவிடாதீர்கள். உதாரணத்துக்கு, டிராவே நோய்க்குறி (குழந்தைப் பருவத்திலேயே தொடங்கும் ஒரு கடுமையான மரபணு வலிப்பு) உள்ள குழந்தைக்குக் கார்பமாசெபைனோ லாமோட்ரிஜினோ கொடுத்தால் வலிப்பு கூடத்தான் செய்யும், அதை 'ஒரு மருந்து முயன்றோம், பலனில்லை' என்று கணக்கில் சேர்க்கக் கூடாது. அதனால் ஊரில் கொடுத்த மருந்துகளின் பட்டியலை உடனே தயார் செய்யுங்கள். பிராண்ட் பெயர் இங்கே யாருக்கும் புரியாது, அட்டையில் சின்ன எழுத்தில் இருக்கும் வேதிப் பெயர் வேண்டும், எத்தனை மில்லிகிராம், எத்தனை மாதம், ஏன் நிறுத்தினார்கள் என்பதும் வேண்டும். பழைய டாக்டரிடம் ஃபோன் போட்டு வாங்குங்கள். ஊரில் எடுத்த எம்.ஆர்.ஐ., இ.இ.ஜி. இருந்தால் ரிப்போர்ட் மட்டும் போதாது, படங்களும் வேண்டும்.

அடுத்து மரபணுச் சோதனை. சிறு வயதில் தொடங்கும் வலிப்புக்கு இங்குள்ள அரசு மருத்துவச் சேவையான என்.எச்.எஸ்.ஸிலேயே முழு மரபணு வரிசையைப் பார்க்கும் சோதனை உண்டு, உங்கள் பையனுக்குப் பொருந்துமா என்று கேளுங்கள். அப்புறம் அறுவை சிகிச்சை. இந்தப் பேச்சை எடுத்தாலே நம்மவர்கள் நடுங்குகிறார்கள், ஆனால் குழந்தைகளுக்கான வலிப்பு அறுவை சிகிச்சை பற்றிய மிக முக்கியமான ஆய்வு ஒன்று நம் டெல்லி எய்ம்ஸில்தான் நடந்தது, 2017-இல் வெளியானது. மருந்துக்குக் கட்டுப்படாத 116 பேர், எல்லோரும் 18 வயதுக்குள். ஒரு வருட முடிவில் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களில் 77 சதவீதத்தினருக்கு வலிப்பே இல்லை, மருந்தை மட்டும் தொடர்ந்தவர்களில் 7 சதவீதம்தான். எல்லாக் குழந்தைக்கும் இது ஒத்துவராது, மூளையில் வலிப்பு கிளம்பும் இடம் அடையாளம் தெரிய வேண்டும், செய்தபின் கை கால் பலவீனம் போன்ற விளைவுகளும் அந்த ஆய்விலேயே இருந்தன. ஆனாலும் 'இவனை அறுவை சிகிச்சைக் குழு பார்த்ததா?' என்று கேட்காமல் இருக்காதீர்கள். இங்கிலாந்தில் லண்டன், பர்மிங்காம், பிரிஸ்டல், மான்செஸ்டர்-லிவர்பூல் என்று குழந்தைகளுக்கென்றே மையங்கள் இருக்கின்றன. கொழுப்பைக் கூட்டி மாவுச்சத்தைக் குறைக்கும் கீட்டோ உணவு முறையைப் பற்றியும் அப்படியே கேளுங்கள். லண்டனில் குழந்தைகளுக்கென்றே இருக்கும் கிரேட் ஆர்மண்ட் ஸ்ட்ரீட் மருத்துவமனையை மையமாக வைத்து 145 குழந்தைகளிடம் செய்து 2008-இல் வெளியான ஆய்வில், மூன்று மாதத்தில் 38 சதவீதம் பேருக்கு வலிப்பு பாதிக்கு மேல் குறைந்தது, உணவை மாற்றாதவர்களில் 6 சதவீதம்தான். யூடியூப் பார்த்து நாமாகச் செய்கிற காரியம் இல்லை அது, உணவியல் நிபுணர் கிராம் கணக்குப் போட்டுத் தருவார்.

சரி, இதெல்லாம் பார்த்தாயிற்று, அல்லது பொருந்தாது என்று சொல்லிவிட்டார்கள் என்றே வைத்துக்கொள்வோம். ட்ரயலில் என்ன நடக்கும்?

சேர்ந்த உடனே மருந்து கிடையாது. முதல் சில வாரம் வெறும் கணக்கெடுப்புதான், நாட்குறிப்பில் ஒவ்வொரு வலிப்பையும் பதிய வேண்டும். கேட்க லேசாகத்தான் இருக்கும். நடுராத்திரியில் கட்டில் தடதடவென்று ஆடும், விளக்கைப் போட்டால் பிள்ளையின் கண் ஒரு பக்கமாகச் செருகியிருக்கும், வலது கை வெட்டி வெட்டி இழுக்கும், ஒரு கையால் அவளை ஒருக்களித்துப் பிடித்துக்கொண்டு மறு கையால் ஃபோனில் வீடியோ எடுக்க வேண்டும், அது அடங்கி இரண்டு நிமிடத்தில் இன்னொன்று கிளம்பினால் இதை ஒன்று என்று எழுதுவதா இரண்டு என்று எழுதுவதா என்று அந்த நேரத்தில் யாரைக் கேட்பது? எந்த வகையை எண்ண வேண்டும், எதை விட்டுவிடலாம் என்று ஆய்வு நர்ஸிடம் முதல் நாளே வீடியோவைக் காட்டித் தீர்த்துக்கொள்ளுங்கள். நீண்ட வலிப்புக்குக் கன்னத்துக்குள் விடும் மிடசோலம் கொடுத்தால் அதையும் எழுத வேண்டும், ட்ரயல் கெட்டுவிடுமோ என்று அதைக் கொடுக்காமல் மட்டும் இருந்துவிடாதீர்கள்.

பெரும்பாலும் புது மருந்தை இப்போது எடுப்பதோடு சேர்த்துத்தான் தருவார்கள், பழையதை நிறுத்தச் சொல்ல மாட்டார்கள். சிலருக்கு அசல், சிலருக்கு மருந்தே இல்லாத பிளாசிபோ, யாருக்கு எது என்று டாக்டருக்கும் தெரியாது. இது அநியாயம் என்று என் கணவர் கொதித்தார். எங்கள் மகளுக்கு முதல் கட்டத்தில் கிடைத்தது பிளாசிபோதான் என்று பிறகு தெரிந்தது, அந்த மாதங்களில்தான் நாங்கள் 'முகம் எவ்வளவு தெளிந்துவிட்டது பாருங்கள்' என்று சொந்தக்காரர்களுக்கெல்லாம் ஃபோன் போட்டுக்கொண்டிருந்தோம்! எங்களுக்கு மட்டும் இல்லை இது. டிராவே குழந்தைகள் 120 பேரிடம் கன்னாபிடியாலை (சி.பி.டி., கஞ்சாச் செடியிலிருந்து எடுக்கும் மருந்து) பிளாசிபோவோடு ஒப்பிட்டுப் பார்த்த 2017 ஆய்வில், அசல் மருந்து எடுத்தவர்களில் 43 சதவீதத்தினருக்கு வலிப்பு பாதியாவது குறைந்தது. பிளாசிபோ எடுத்தவர்களிலும் 27 சதவீதத்தினருக்குக் குறைந்தது. ஒப்பிட அந்த 27 இல்லாவிட்டால் மருந்தின் பலத்தை நாம் இரண்டு மடங்குக்கு மேல் கூட்டி நினைத்திருப்போம். தூக்கக் கலக்கம், வாந்தி, ஈரல் நொதிகள் ஏறுவது எல்லாம் வெளியே வந்ததும் இதே ஆய்வுகளில்தான். அந்த மருந்து இப்போது என்.எச்.எஸ்.ஸிலேயே கிடைக்கிறது, டிராவே, லெனாக்ஸ்-கஸ்டாவ் போன்ற சில கடுமையான வலிப்பு வகைகளுக்கு மட்டும். கடையில் விற்கும் சி.பி.டி. எண்ணெயும் இதுவும் ஒன்றில்லை, தயவுசெய்து அதை வாங்கிக் கொடுத்துவிடாதீர்கள்.

இரண்டாம் கட்டத்தில் எல்லோருக்கும் அசல் மருந்து தந்தார்கள். என் மகளுக்குக் கீழே விழுவது குறைந்தது, முழுவதும் நிற்கவில்லை, காலையில் எழுப்புவதுதான் பெரும் பாடு. அதற்கே நாங்கள் சந்தோஷப்பட்டோம்.

எந்த வகை ட்ரயல் என்பதையும் கேளுங்கள், எல்லாம் ஒரே பாரம் இல்லை. வாயில் ஊற்றும் மருந்து ஒரு ரகம். டிராவேயில் குறைந்துபோகும், நரம்பணுக்களுக்குள் சோடியத்தை விடும் புரதத்தைக் கூட்டுவதற்காக முதுகுத் தண்டைச் சுற்றியுள்ள திரவத்தில் ஊசி வழியாகச் செலுத்தும் ஜோரெவுனெர்சன் போன்றவை வேறு ரகம், அதில் ஒவ்வொரு டோசுக்கும் மருத்துவமனை போக வேண்டும். 2023-இல் கிரேட் ஆர்மண்ட் ஸ்ட்ரீட்டில் 12 வயதுப் பையன் ஒருவனுக்கு மண்டை ஓட்டிலேயே பொருத்தி மூளை ஆழத்தைத் தூண்டும் கருவி வைத்தார்கள். பகல் நேர வலிப்பு 80 சதவீதம் குறைந்தது என்று செய்தி வந்ததும் எனக்கு ஏகப்பட்ட பேர் அனுப்பினார்கள், ஆனால் அது ஒரே ஒரு பிள்ளையின் கணக்கு, ஆய்வு முடிந்து முழுக் கணக்கு வரும்வரை நான் அதை வைத்து எதையும் தீர்மானிக்க மாட்டேன்.

இப்போது உங்களுக்கென்றே உள்ள விஷயம், விசா. சுகாதாரக் கட்டணம் கட்டி வந்திருக்கிறீர்கள், வைத்தியத்துக்கு உங்களுக்கு உரிமை இருக்கிறது, அது ட்ரயலில் சேர்வதைப் பொறுத்ததில்லை. ஆனால் உங்கள் கம்பெனி இரண்டு வருடத்தில் திருப்பி அனுப்பலாம் என்று எழுதியிருந்தீர்களே, அதை ஆய்வுக் குழுவிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். தொடர் கட்டங்கள் வருடக்கணக்கில் போகும், அனுமதி பெறாத மருந்து ஊரில் எந்தக் கடையிலும் கிடைக்காது, வலிப்பு மருந்தைத் திடீரென்று நிறுத்தினால் வலிப்பு முன்னைவிட மோசமாக வரலாம். பலன் இருந்தால் ட்ரயல் முடிந்தபின் யார் தருவார்கள், எவ்வளவு காலம், நடுவில் நாங்கள் நாடு திரும்பினால் எப்படிப் படிப்படியாகக் குறைப்பீர்கள் என்று கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குங்கள்.

அடுத்த வாரச் சந்திப்புக்கு நீங்களும் உங்கள் மனைவியும் சேர்ந்தே போங்கள். அவருக்கு ஆங்கிலம் தடுமாறும் என்றால் தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று இன்றே ஃபோன் செய்து சொல்லுங்கள், காசு கிடையாது. நீங்களே இடையில் மொழிபெயர்த்தால் உங்களுக்குப் பிடித்த பாதியைத்தான் அவருக்குச் சொல்வீர்கள். பையனுக்கென்று படம் போட்ட ஒரு தனித் தாள் தருவார்கள், அதை அவனுக்குப் படித்துக் காட்டி அவன் என்ன சொல்கிறான் என்றும் கேளுங்கள். அன்றே கையெழுத்துப் போட வேண்டியதில்லை, படிவத்தை வீட்டுக்குக் கொண்டுவாருங்கள். ஏதாவது பக்கம் புரியாவிட்டால் எனக்கு அனுப்புங்கள், பார்த்துச் சொல்கிறேன்.