கல்லீரல் கொழுப்புக்கு மஞ்சள் மாத்திரை கொடுக்கலாமா?

கேள்வி: என் கணவருக்கு வயது 46, எடை 82 கிலோ. மண்டபத்தில் விசைப்படகில் கடலுக்குப் போகிறார். ஸ்கேனில் கல்லீரலில் கொழுப்பு என்று வந்தது. இரத்தப் பரிசோதனையில், கல்லீரல் பாதிப்பைக் காட்டும் எஸ்.ஜி.பி.டி. அளவு 78. மஞ்சள் கொடுத்ததில் எலிகளுக்கு ஈரல் தேறியதாகப் படித்தேன். துபாயிலிருந்து தம்பி மிளகுச் சத்து சேர்த்த மஞ்சள் மாத்திரை அனுப்பியிருக்கிறான். கொடுக்கலாமா?

பதில்: மாத்திரை வேண்டாம் அம்மா. மீன் கழுவவும் குழம்புக்கும் போடுகிற மஞ்சள் எப்போதும்போல இருக்கட்டும்.

நீங்கள் படித்தது பொய் இல்லை. கார்பன் டெட்ராகுளோரைடு என்ற நச்சையோ அளவுக்கு மீறிய பாராசிட்டமாலையோ எலிக்குக் கொடுத்தால் அதன் கல்லீரல் செல்கள் சிதையும், இரத்தத்தில் எஸ்.ஜி.பி.டி. எகிறும். மஞ்சளில் உள்ள குர்குமினையும் சேர்த்துக் கொடுத்த எலிகளுக்குப் பாதிப்பு குறைந்தது. அழற்சியும் தழும்பு விழுவதும்கூடக் குறைந்தன. ஆனால் பல சோதனைகளில் நச்சுக்கு முன்பே குர்குமினைக் கொடுத்துவிடுகிறார்கள். உங்கள் கணவருக்கு இருப்பதோ வருடக்கணக்கில் மெல்லச் சேர்ந்த கொழுப்பு.

அளவையும் பாருங்கள். எலிக்கு ஒரு கிலோ எடைக்கு 200 மில்லிகிராம் குர்குமின் கொடுத்தார்கள் என்று வையுங்கள். மனிதருக்கு மாற்ற ஏறத்தாழ ஆறால் வகுப்போம். 60 கிலோ ஆளுக்கு அது கிட்டத்தட்ட 2 கிராம் குர்குமின். மஞ்சள் தூளில் குர்குமின் சுமார் 3 சதவீதம்தான். அப்படியானால் தினமும் 60 கிராமுக்கு மேல் மஞ்சள் தூள்! காரல் குழம்புக்கு ஒரு தேக்கரண்டி போட்டு வீடே சாப்பிடுகிறோம்.

இன்னொரு எலிச் சோதனையும் உண்டு, அதை யாரும் பகிர்வதில்லை. குர்குமின் மிகுந்த மஞ்சள் சாற்றை இரண்டு ஆண்டுகள் தீவனத்தில் கலந்து கொடுத்த ஆய்வின் அறிக்கையை 1993-ல் அமெரிக்காவின் தேசிய நச்சியல் திட்டம் வெளியிட்டது. ஆண் சுண்டெலிகள் சிலவற்றின் கல்லீரலில் கட்டிகள் தென்பட்டன. அது உறுதியான சான்று அல்ல என்றும் அவர்களே சொன்னார்கள். நான் பயமுறுத்த இதைச் சொல்லவில்லை. எலியைக் காட்டி மாத்திரை விற்பவர்கள் பாதிக் கதையைத்தான் சொல்கிறார்கள்.

எனக்கு உண்மையான கவலை அந்த மிளகுச் சத்துதான். குர்குமின் குடலில் எளிதில் உறிஞ்சப்படாது. மிளகின் பைப்பரின் சேர்ந்தால் இரத்தத்தில் அதன் அளவு பல மடங்கு ஏறும் என்று 1998-ல் பெங்களூரில் செய்த ஆய்வு காட்டியது. இத்தகைய மாத்திரைகள் சாப்பிட்டு, ஓரிரு மாதத்தில் மஞ்சள் காமாலையோடு வந்தவர்களைப் பற்றி அமெரிக்காவிலும் இத்தாலியிலும் பதிவுகள் இருக்கின்றன. ஒரு சிலருக்கே இப்படி வரும், ஆனால் யாருக்கு என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. ஏற்கெனவே கொடுக்கத் தொடங்கியிருந்தால் இன்றே நிறுத்துங்கள். சிறுநீர் கறுத்துப் போனாலோ, கண் மஞ்சளானாலோ, உடல் அரித்தாலோ உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.

சரி, அப்புறம் என்ன செய்வது? எடையில் ஆறு முதல் எட்டு கிலோ குறைந்தால் கல்லீரல் நன்றாகத் தேறும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலத்தில் உடல் உழைப்பு குறைந்து எடை ஏறிவிடும். அந்த நாட்களில் விடியலில் ஒரு மணி நேரம் நடக்கச் சொல்லுங்கள். சோற்றைக் குறைத்து மீனைக் கூட்டலாம், பொரிக்காமல் குழம்பாக. குடிப்பாரா என்று நீங்கள் எழுதவில்லை. குடித்தால் அதை முதலில் நிறுத்த வேண்டும். சர்க்கரை, ஹெபடைட்டிஸ் பி, சி பரிசோதனைகளையும் செய்துவிட்டு, மூன்று மாதம் கழித்து எஸ்.ஜி.பி.டி.யை மறுபடி பாருங்கள். இரண்டு ரிசல்ட்டையும் சேர்த்து எனக்கு எழுதுங்கள்.