ராணுவக் குடும்ப பென்ஷனை நம்பி அம்மாவை முதியோர் குடியிருப்பில் சேர்க்கலாமா?

கேள்வி: அப்பா ராணுவத்தின் மெட்ராஸ் சாப்பர்ஸ் பொறியாளர் பிரிவில் ஹவில்தாராக இருந்து 1986-ல் ஓய்வு பெற்றார். 2013-ல் காலமானார். அம்மாவுக்கு 79 வயது, குடியாத்தத்தில் தனியாக இருக்கிறார். நான் பெங்களூரில், தம்பி மஸ்கட்டில். கோவையில் ஒரு முதியோர் குடியிருப்பில் சேர்க்க நினைக்கிறோம். டெபாசிட் 6 லட்சம். அறை, சாப்பாடு, நர்ஸ் கவனிப்பு எல்லாம் சேர்த்து மாதம் 28,000 ரூபாய். படுத்த படுக்கையானால் தனி அட்டெண்டருக்கு 18,000 கூடுதல். அம்மாவின் குடும்ப பென்ஷன் அடிப்படைத் தொகை 13,000, டி.ஏ. (அகவிலைப்படி) சேர்த்து 20,540 வருகிறது. வங்கியில் 15 லட்சம் இருக்கிறது. முன்னாள் படைவீரர் குடும்பங்களுக்கான மருத்துவத் திட்டமான இ.சி.எச்.எஸ்.-இன் கார்டும் உண்டு. அமெரிக்காவில் முன்னாள் வீரர்களின் மனைவிகளுக்கு இல்லக் கட்டணத்துக்கு உதவ அரசே தனியாகப் பணம் தருகிறதாம். இங்கே அப்படி ஏதாவது உண்டா?

பதில்: இங்கே அப்படி ஒரு தொகை இல்லை. அமெரிக்காவில் ‘எய்ட் அண்ட் அட்டெண்டன்ஸ்’ என்று பென்ஷனுக்கு மேல் தருவது, அன்றாட வேலைகளுக்கே துணை தேவைப்படும் முன்னாள் வீரருக்கும் அவருடைய விதவைக்கும் உரியது. அதற்கு நெருக்கமாக நம்மிடம் இருப்பது தொடர் உதவியாளர் படி. பணியால் வந்த 100% ஊனத்துக்கு பென்ஷன் வாங்கும் வீரர், துணையில்லாமல் இருக்க முடியாது என்று மருத்துவக் குழு சொன்னால் மட்டும் கிடைக்கும். 2017 ஜூலையில் இது மாதம் 6,750 ரூபாயாக உயர்த்தப்பட்டது. வீரரோடு அது முடிந்துவிடும், மனைவிக்குத் தொடராது. முன்னாள் படைவீரர் நலனுக்கான மத்திய அரசு அமைப்பான கேந்திரிய சைனிக் போர்டின் வறுமை உதவித்தொகையையும் யாராவது உங்களுக்குச் சொல்லியிருக்கலாம். அது 65 வயதைத் தாண்டிய, பென்ஷனே இல்லாதவர்களுக்கானது. 2025 நவம்பர் முதல் வரும் விண்ணப்பங்களுக்கு 4,000 ரூபாய் 8,000 ஆகியிருக்கிறது என்றாலும், அம்மா பென்ஷன் வாங்குவதால் அந்த மனுவுக்கு அலைய வேண்டாம்.

ஆக, உங்கள் கையில் இருப்பவை இரண்டு: குடும்ப பென்ஷன், இ.சி.எச்.எஸ். முதலாவது மாதக் கட்டணத்துக்கு, இரண்டாவது ஆஸ்பத்திரிச் செலவுக்கு. இரண்டும் ஓட்டையில்லாமல் இருக்கின்றனவா என்று பார்த்த பிறகே டெபாசிட் காசோலையில் கையெழுத்துப் போடுங்கள்.

பென்ஷனில் நீங்கள் கணக்கில் எடுக்காத ஒன்று, 80 வயதுக் கூடுதல். குடும்ப பென்ஷன் வாங்குபவருக்கும் இது உண்டு. 80 வயது நிறையும் மாதத்தின் முதல் தேதியிலிருந்து அடிப்படைத் தொகையில் 20%, 85-ல் 30%, 90-ல் 40%, 95-ல் 50%, 100 வயதில் அடிப்படைத் தொகை அப்படியே இன்னொரு மடங்கு. இந்தக் கூடுதலுக்கும் டி.ஏ. சேரும். 2025 ஜூலை முதல் உள்ள 58% டி.ஏ.-வை வைத்துப் பார்த்தால் 13,000-க்கு 20% என்பது 2,600, அதற்கு டி.ஏ. 1,508. மொத்தம் 4,108 ரூபாய் கூடி, மாத வரவு 24,648 ஆகும்.

கூடுதல் தானாகவே வந்துவிடும் என்று இருந்துவிடாதீர்கள். வங்கிகளிலிருந்து ராணுவ பென்ஷன்களுக்கான ஸ்பர்ஷ் இணையதளத்துக்கு மாற்றப்பட்ட பழைய பென்ஷன்களில் பலவற்றில் மனைவியின் பிறந்த தேதி காலியாகக் கிடக்கிறது, அல்லது ஆதாரோடு ஒத்துப்போவதில்லை. அந்தக் காலத்தில் சிப்பாயின் கல்யாணம் பார்ட் டூ ஆர்டர் என்ற ராணுவப் பதிவில் ஏறும்போது மனைவியின் வயதைக் குத்துமதிப்பாகச் சொல்லியிருப்பார்கள். பிறகு ஆதார் எடுக்கும்போது யாரோ ஜனவரி 1 என்று போட்டிருப்பார்கள். தேதி பொருந்தவில்லை என்றால் கணினி கூடுதலைப் போடாது. பிற்பாடு திருத்தினால் நிலுவை வரும், உண்மைதான். ஆனால் அதுவரை இல்லக்காரர் காத்திருக்க மாட்டார்.

எனவே இந்த வாரமே ஸ்பர்ஷில் நுழைந்து அம்மாவின் பிபிஓ-வை (பென்ஷன் ஆணையை) இறக்கிப் பாருங்கள். பெயர், இனிஷியல், பிறந்த தேதி மூன்றும் ஆதார், பான், இ.சி.எச்.எஸ். கார்டு, வங்கிக் கணக்கு எல்லாவற்றிலும் ஒன்றாக இருக்க வேண்டும். ‘சரோஜா’, ‘சரோஜாம்மாள்’ என்ற அளவு வேறுபாடே போதும், விண்ணப்பம் திரும்பி வந்துவிடும். தப்பு பிபிஓ-வில் என்றால் ஸ்பர்ஷ் வழியாகத் திருத்த மனு போடுங்கள். சாப்பர்ஸ் வீரர்களின் பணிப் பதிவுகளை வைத்திருக்கும் ரெகார்ட்ஸ் ஆபீஸ் பெங்களூரில்தான் இருக்கிறது, நீங்கள் இருக்கும் ஊர், நேரில் போய்க் கேட்க வசதி. அப்பாவின் டிஸ்சார்ஜ் புக்கில் குடும்ப விவரம் உள்ள பக்கத்தின் நகலைக் கையோடு எடுத்துப் போங்கள். மனு எழுத உதவி வேண்டுமென்றால் வேலூர் முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் கேட்கலாம். 2024 ஜூலை 1 முதல் ஓ.ஆர்.ஓ.பி. (ஒரே பதவி, ஒரே பென்ஷன்) தொகை மறுபடி திருத்தப்பட்டிருக்கிறது. இந்த 13,000 அதற்குப் பிந்தைய தொகைதானா என்பதையும் அதே கையோடு பார்த்துவிடுங்கள்.

இனி சேமிப்பு. 15 லட்சத்தில் 6 லட்சம் டெபாசிட்டுக்குப் போனால் மீதி 9. அதில் ஒன்றரை லட்சத்தை எப்போது வேண்டுமானாலும் எடுக்கும்படி அம்மாவின் கணக்கிலேயே வையுங்கள். ஏழரை லட்சத்தை தபால் அலுவலக மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் போட்டால் 8.2% வட்டியில் காலாண்டுக்கு 15,375, அதாவது மாதம் 5,125. வட்டி மூன்று மாதத்துக்கு ஒருமுறைதான் வரும், இல்லக் கட்டணமோ மாதாமாதம் போகும். முதல் காலாண்டை அந்த ஒன்றரை லட்சத்திலிருந்து சமாளியுங்கள். ஓராண்டுக்குள் கணக்கை மூடினால் வட்டியே இல்லை. இரண்டாண்டுக்குள் என்றால் அசலில் 1.5%, அதற்கு மேல் 1% பிடிப்பார்கள்.

பென்ஷனும் இந்த வட்டியும் சேர்த்து, 80 நிறையும் வரை வரவு 25,665. கட்டணத்துக்கு 2,335 குறைகிறது. 80-க்குப் பிறகு 29,773, கொஞ்சம் மிஞ்சுகிறது. இதைப் பார்த்து நிம்மதியாகிவிடக் கூடாது. ஒப்பந்தத்தில் ஆண்டு உயர்வு எவ்வளவு என்று பாருங்கள். 8% என்று வைத்துக்கொண்டால் 28,000 ஐந்தாண்டில் 41,000-ஐத் தாண்டும். அம்மாவுக்கு 85 ஆகும்போது பென்ஷன் அதே 58% டி.ஏ.-வில் 26,702தான். டி.ஏ. ஒரு புள்ளி ஏறினால் அப்போது கூடுவது 169 ரூபாய். 25 புள்ளி ஏறி, சேமிப்பு வட்டியையும் சேர்த்தாலும் கட்டணத்துக்கு மாதம் 5,000 போல இடிக்கும். எட்டாவது ஊதியக் குழு வந்து தூக்கிவிடும் என்று இப்போதே கணக்குப் போடாதீர்கள், ஆணை வந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம். படுக்கையில் விழுந்தால் வரும் 18,000 முழுக்க முழுக்க உங்கள் இருவர் தலையில்தான். பங்கு யாருக்கு எவ்வளவு என்பதைத் தம்பியோடு இப்போதே பேசி முடிவு செய்யுங்கள். அந்த நாள் வந்த பிறகு பேசினால் அது பணப் பேச்சாக இருக்காது, மனஸ்தாபமாகிவிடும். வருமான வரியைப் பற்றிக் கவலை வேண்டாம், இந்த அளவு வருமானத்துக்குப் புதிய முறையில் வரி வராது.

இ.சி.எச்.எஸ். அறை வாடகையோ, சாப்பாடோ, அட்டெண்டர் சம்பளமோ தராது. அது தருவது மருந்தும் சிகிச்சையும். அம்மா கோவைக்குப் போகும்போது வேலூரில் உள்ள தாய் பாலிகிளினிக்கை (கார்டு பதிவாகியிருக்கும் இ.சி.எச்.எஸ். கிளினிக்கை) கோவைக்கு மாற்ற விண்ணப்பியுங்கள். ஊர்விட்டு ஊர் வந்தவராக எந்த பாலிகிளினிக்கிலும் பார்க்கலாம்தான், ஆனால் சுகர், பிரஷர் மருந்தை மாதாமாதம் வாங்க அது சரிப்படாது. காது கேட்கும் கருவி, ஆக்ஸிஜன் கான்சென்ட்ரேட்டர் போன்றவற்றுக்கும் உச்சவரம்புக்கு உட்பட்டுப் பணம் கிடைக்கும். நிபுணரின் பரிந்துரையும் பாலிகிளினிக் ஒப்புதலும் கைக்கு வந்த பிறகு வாங்குங்கள். முதலில் வாங்கிவிட்டு பில்லை நீட்டினால் பெரும்பாலும் திரும்பும்.

குடியிருப்பைப் பார்க்கப் போகும்போது சமையலறையையும் தோட்டத்தையும் எல்லாரும் பார்க்கிறோம். இரவு இரண்டு மணிக்கு அம்மா விழுந்தால் ஆம்புலன்ஸ் எந்த ஆஸ்பத்திரிக்குப் போகும் என்று கேட்பவர் குறைவு. இல்லத்தோடு ஒப்பந்தம் உள்ள ஆஸ்பத்திரி இ.சி.எச்.எஸ். பட்டியலில் இல்லையென்றால் மொத்த பில்லையும் முதலில் நீங்கள் கட்ட வேண்டும். அவசரம் என்று 48 மணி நேரத்துக்குள் பாலிகிளினிக்குக்குத் தெரிவித்திருந்தால் பிறகு திரும்பக் கேட்கலாம். அப்போதும் மத்திய அரசு ஊழியர் மருத்துவத் திட்டமான சி.ஜி.எச்.எஸ். கட்டண அளவுக்குத்தான் கிடைக்கும், இடுப்பெலும்பு முறிவு போன்ற ஆபரேஷனில் இந்த இடைவெளி பெரிதாக இருக்கும். பட்டியலில் உள்ள பக்கத்து ஆஸ்பத்திரியின் பெயரை அம்மாவின் சேர்க்கைப் படிவத்திலேயே எழுதி வாங்குங்கள். கார்டின் நகல் ஒன்று நர்ஸ் மேசையில் இருக்கட்டும்.

ஒப்பந்தத்தில் இன்னும் சில: அம்மா இருபது நாள் ஆஸ்பத்திரியில் இருந்தால் அந்த நாட்களுக்குச் சாப்பாட்டுக் கட்டணம் கழிப்பார்களா? டெபாசிட்டில் ஆண்டுதோறும் ஏதாவது பிடிப்பார்களா? காலி செய்தால் எத்தனை நாளில் திருப்பித் தருவார்கள், யார் பெயரில்? 28,000-க்குள் ஜி.எஸ்.டி. அடங்குமா? மறதி நோய் வந்தால் வைத்துக்கொள்வார்களா, வேறு இடம் பார்க்கச் சொல்வார்களா? கடைசிக் கேள்விக்கு வாய்ப்பேச்சாகப் பதில் சொல்லும் இடத்தில் ஆறு லட்சத்தைக் கட்ட வேண்டாம் என்பேன்.

பென்ஷன் அம்மாவின் கணக்கிலேயே வரட்டும். அங்கிருந்து மாதம் ஒரு தேதியில் இல்லத்துக்குப் போகும்படி வங்கியில் நிலையான உத்தரவு கொடுங்கள். அவர் கையெழுத்துப் போடும் நிலையில் இருக்கும்போதே இதைச் செய்துவிட வேண்டும். ஏ.டி.எம். கார்டையும் பின் நம்பரையும் இல்ல ஊழியரிடம் கொடுக்க வேண்டாம்.

ஆயுள் சான்று நவம்பரில். 80 ஆனவர்கள் அக்டோபர் 1 முதலே கொடுக்கலாம். வயதானவர்களுக்கு விரல்ரேகை தேய்ந்து கருவியில் பதியாமல் போவது சாதாரணம், அதனால் மொபைலில் முக அடையாள முறையில் செய்யுங்கள். ஆயுள் சான்று கொடுக்கும் ஜீவன் பிரமாண் செயலியில் பென்ஷன் வழங்கும் அமைப்பு என்று கேட்கும் இடத்தில் பழைய வங்கியைத் தேர்ந்தெடுத்தால் சான்று ஸ்பர்ஷுக்குப் போய்ச் சேராது, பென்ஷன் நின்றுபோகும். அங்கே ஸ்பர்ஷ் என்று வரும் தேர்வையும், பழைய பிபிஓ எண்ணுக்குப் பதிலாக ஸ்பர்ஷ் தந்த புதிய எண்ணையும் கொடுங்கள். அப்பாவின் பழைய மொபைல் எண் இன்னும் பதிவில் இருந்தால் ஓ.டி.பி. யாருக்கோ போகும், அதையும் கோவைக்குக் கிளம்பும் முன்பே மாற்றிவிடுங்கள்.